ஆகாத காணிக்கு ஒரு மனு

கங்காரு தேசத்தில், டூங்கபியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு நான் செய்துவந்த ஒரே பராமரிப்பு வேலை, விலை ஏறிவிட்டது, விலை ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான். புல் வெட்டுவது மனைவி.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு நான் கார் பார்க்கில் நின்றுவிடுவேன். என்னைப் போலத் தட்டைக் கைமாற்றிய ஆண்கள் இன்னும் பலர் அங்கே நிற்பார்கள். பேச்சு இரண்டே விஷயம்: யாருக்கு முழங்கால் மாற்றினார்கள், யாருடைய காணி எவ்வளவுக்கு ஏறியது. முழங்கால் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. ஆகவே காணியில் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கத்து வீடு விற்ற விலையோடு என் ஆசையையும் கூட்டிச் சொல்வேன். மற்றவர்களும் அப்படித்தான். அந்தக் கார் பார்க்கில் நாங்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள். பிறகு உள்ளே போய் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்போம்.

அரசாங்கமும் ஏதோ ஒரு காருக்குப் பின்னால் ஒளிந்து நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் காணியின் பெறுமதி கூடியிருக்கிறது என்று ஒருநாள் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் எல்லோருக்கும் காட்டினேன். இனி நான் புளுகுகிறேன் என்று ஒருவரும் சொல்ல முடியாதல்லவா? அதற்குப் பின்னால் நகரசபையின், அதாவது கவுன்சிலின், வரி வந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

காணியின் பெறுமதியைப் பார்த்துத்தான் கவுன்சில் வரி போடுகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் இருந்து பேசி, இனி ஒருவரையொருவர் கஷ்டப்படுத்துவதில்லை என்று பிரிந்துபோனவர்கள். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ.

எனக்கு முதுகு போய் ஃபோர்க்லிஃப்ட் வேலையை விட்ட பிறகு வீட்டில் ஒரு சம்பளம்தான். மனைவிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. கரண்ட் ஏறியது, தண்ணீர் ஏறியது, வீட்டு இன்ஷூரன்ஸ் ஏறியது. வருடா வருடம் கவுன்சில் வரியும் படி வைத்து ஏறியது. ஏறாமல் நின்றது நான் மட்டும்தான். ஏணி எனக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற மகன் போனில் சொன்னான்.

"அப்பா, பேசாம சேல் பண்ணுங்கோ. பாக்யார்டில கிரானி பிளாட் எம்ப்டியாத்தானே கிடக்கு. நோ ரேட்ஸ், நோ பில்ஸ். ஜஸ்ட் வந்து இருங்கோ."

நல்ல பிள்ளை. எங்கள் கட்டில் அதற்குள் போகுமா என்று அளந்துகூடப் பார்த்துவிட்டான். ஆனால் கிழடுகளுக்கென்று பின்வளவில் கட்டி வைத்த அந்த ஒற்றையறை கிரானி பிளாட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே கருவாடு பொரித்தால் புகை அலாரம் கத்தும். மருமகள் கத்தமாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அலாரம் எவ்வளவோ மேல். இங்கேயென்றால் பின்வளவில் முருங்கை மரத்துக்குக் கீழே நாலு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகள் வந்து முன்னூற்றுநாலு சீட்டு விளையாடுவார்கள். தோற்றவன் கத்துவான், வென்றவன் அதைவிடக் கத்துவான். இதையெல்லாம் மகனுடைய வளவுக்குக் கொண்டுபோக முடியாது.

மனைவி என்னைவிட உறுதியாக இருந்தாள்.

"என்ர சவம்தான் இந்த வீட்டை விட்டுப் போகும். அவனுக்குச் சொல்லுங்கோ."

"நீர் போனாப் பிறகு நான் எங்க போறது?"

"நீங்கள் முதல் போவியள். அதைப் பற்றி யோசிக்காதேங்கோ."

ஆக, வீட்டை விடுவதில்லை என்பது முடிவு. வரியைக் குறைக்க வேண்டும் என்பது வேலை. வேலை என்னிடம் வந்தது. அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

கவுன்சிலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக, பெறுமதி நாங்கள் போடுவதில்லை, அதற்கு வேறு அரசாங்க அலுவலகம் இருக்கிறது என்றது. அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பாட்டெல்லாம் போட்டுக் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் வந்து, நாங்கள் வரி எடுப்பதில்லை, அது கவுன்சில் என்றாள். ஒருவர் அளவெடுக்கிறார், மற்றவர் வெட்டுகிறார். சட்டை கழுத்தை இறுக்குகிறது என்று யாரிடம் சொல்வது?

ஆனால் அவள் ஒரு வழி சொன்னாள். பெறுமதி பிழை என்று நினைத்தால் மறுப்பு மனு போடலாமாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உடைந்த தண்ணீர்ப் பீலி, ஒழுகும் கூரை, கதவு பூட்டாத குளியலறை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறோமே என்று கவலையாகிவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, வெறும் காணியைத்தான் பார்ப்போம் என்றாள்.

"வீடு இருக்குதே," என்றேன்.

"இல்லையென்று வைத்துக்கொள்வோம்," என்றாள்.

"நான் அதுக்குள்ள இருந்துதானே உங்களோட கதைக்கிறன்?"

"புரிகிறது, சார். ஆனால் வீடு இல்லை."

இவ்வளவு காலம் கடன் கட்டி வாங்கிய வீடு ஒரு போன் கோலில் போய்விட்டது. நானும் மனைவியும் வெறும் புல்லுக்கு நடுவே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் மனதில் வந்தது. அதற்கு வரி வேறு.

இனிக் காணியில்தான் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். காணியில் என்ன குற்றம்? மண் இருக்கிறது, புல் இருக்கிறது. இந்த யோசனையோடு இருந்தபோதுதான் அடுத்த தெருவில் இருக்கிற தமிழ்நாட்டுத் தம்பி முருங்கை இலைக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறில் ஆட்களுக்கு வாஸ்து பார்த்துச் சொல்வான். அவனுடைய வீடு வாஸ்துப்படி அங்குலம் அங்குலமாகப் பார்த்து வாங்கியது. கிழக்கு வாசல், சதுரக் காணி. அதை அவன் எங்களுக்கு மறக்க விட்டதில்லை.

இலையை ஒடித்துக்கொண்டே அவன் கேட்டான்.

"அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும் தம்பி. கவுன்சிலோட கோவிச்சு மிச்சம் இருந்தா உம்மோட கோவிக்கிறன்."

"ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். இது பக்கா தெருக்குத்து. எதிர்ல வர்ற ரோடு நேரா வந்து உங்க வாசல்லயே முட்டுது பாருங்க. இந்த மாதிரி மனைய எங்க ஊர்ல பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க."

பாதி விலை. நான் அவனைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

"தம்பி, இன்னும் என்ன குறை இருக்கு? வடிவாப் பாத்துச் சொல்லும்."

வாஸ்து பார்க்கிறவனிடம் குறையைக் கூட்டிச் சொல் என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போனில் திசைகாட்டியைத் திறந்து வளவைச் சுற்றி வந்தான். வாசல் தெற்கு. காணி தென்மேற்கில் பள்ளம். வடகிழக்கு, ஈசான மூலை, சாமி இருக்க வேண்டிய இடம். அங்கே எங்கள் கக்கூஸ். கடைசியாக வேலியோரம் நின்று, காணியின் அளவைக் காலால் நடந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அங்கிள், முன்னாடி அகலம், பின்னாடி ஒடுக்கம். இது சிங்க முகம். நீங்க சிங்கத்தோட வாய்க்குள்ள குடியிருக்கீங்க."

"தம்பி, நான் சிங்கத்துக்குப் பயந்துதான் நாட்டை விட்டு வந்தனான். இஞ்சயும் வந்திட்டுதோ?"

அவனுக்கு விளங்கவில்லை. வாள் பிடித்த சிங்கம் நிற்கிற எங்கள் நாட்டுக் கொடியைப் பார்க்காத பிள்ளை.

"தெருக்குத்து, சிங்க முகம், ஈசானத்தில கக்கூஸ். எல்லாத்தையும் இங்கிலிஷில எழுதித் தாரும். அரசாங்கத்துக்கு அனுப்புவம்."

"கவர்மெண்டுக்கா?" அவன் இலைக் கட்டைக் கீழே வைத்தான். "அனுப்பலாம் அங்கிள். தப்பில்ல. இங்க வீடு வாங்குறதுல பாதி நம்ம ஆளுங்க, மீதி சைனீஸ். அவங்களும் திசை பாப்பாங்க. வாங்க ஆள் இல்லன்னா மார்க்கெட் வேல்யூ எப்படி ஏறும்?"

இவ்வளவு அறிவான வாதத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. மனுவை அவனே எழுதினான், சிங்கத்துக்குப் படமும் போட்டான். அனுப்பு என்ற பொத்தானை நான் அமர்த்தினேன்.

திரும்பிப் பார்த்தால் மனைவி தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

"தம்பி," என்றாள், "ஈசானத்தில கக்கூஸ் இருந்தா முழங்கால் நோகுமோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் கண்ணைப் பார்க்கிற ஆள் இல்லை.

"கண்டிப்பா ஆன்ட்டி. மூட்டு சம்பந்தப்பட்டது எல்லாமே அதுதான்."

அன்றைக்குத் தொடங்கியது. அரசாங்கத்தை நம்பவைக்க எழுதியதை அரசாங்கம் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னமே மனைவி முழுசாக நம்பிவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் நடந்த கேடு ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு குறையில் கொண்டுபோய் மாட்டினாள். மகனின் முதல் சம்பந்தம் குழம்பியது தெருக்குத்து. மாங்கன்று பட்டது தென்மேற்குப் பள்ளம். நாய் ஓடிப்போனது சிங்க முகம்; நாய் சிங்கத்தோடு எப்படி இருக்கும்? என்னுடைய முதுகுக்கும் ஏதோ ஒரு மூலை அகப்பட்டது. நான் வேலை செய்த இடத்தில் பெட்டி தூக்கித்தான் முதுகு போனது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க எத்தினை பேர் பெட்டி தூக்கினவை? உங்களுக்கு மட்டும் ஏன் போனது?"

இதற்குப் பதில் எட்டாம் வகுப்பு வரைக்கும் இல்லை.

அவள் படுக்கையை அறையிலிருந்து ஹோலுக்கு மாற்றினாள். தலைமாட்டைத் தினம் ஒரு பக்கம் திருப்பினாள். கக்கூஸ் வாசலில் எலுமிச்சங்காய் தொங்கியது. பிறகு ஒரு காலையில், வேலைக்குப் போகிற உடுப்போடு நின்று, சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். நாங்கள் குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போறம்."

தம்பி என்றது மகனை.

"சவம்தான் போகும் எண்டனீர்?"

"இஞ்ச இருந்தா அதுதான் நடக்கும். சனிக்கிழமை சாமான் ஏத்துற யூட் கொண்டு வாறானாம். முதல் சாமிப் படங்கள், பிறகு அரைக்கிற மிஷின். பிறகு நீங்கள்."

மிஷினுக்குப் பிறகு நான். வரியைக் குறைத்து வீட்டைக் காப்பாற்றப் போனவன் வீட்டையே இழக்கப் போகிறேன். அதுவும் கவுன்சில் எடுத்துப்போகவில்லை, வங்கி எடுத்துப்போகவில்லை. நானே ஆள் பிடித்து, நானே பொத்தானை அமர்த்தி.

தம்பியிடம் ஓடினேன். தமிழ்நாட்டுத் தம்பியிடம். சொன்னதையெல்லாம் திருப்பி எடு என்றேன். அவன் அழுதுவிடுவான் போல இருந்தான்.

"எப்படி அங்கிள் மாத்திச் சொல்றது? சாஸ்திரம் இல்லையா?"

"இது கீழ்ப்பாதி உலகம் தம்பி. இஞ்ச சூரியன் வடக்கால போகுது. தண்ணி கூட மறுவளமாச் சுத்துதாம். சாஸ்திரமும் மறுவளமாத்தானே வரும்?"

அவன் கண் விரிந்தது. இந்தச் சந்தேகம் அவனுக்கே பல நாளாக உள்ளே இருந்திருக்கிறது. அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து, மனைவிக்கு முன்னால் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் பிடித்து, உலகம் இப்படி, நாம் இங்கே தலைகீழாக, ஆகவே ஈசானம் அங்கே, கக்கூஸ் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று அருமையாக விளக்கினான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மனைவி கேட்டாள்:

"அப்ப உங்கட வீடு?"

"எங்க வீடா?"

"எங்கட வீடு மறுவளமாப் பாத்தா நல்லமெண்டா, நல்லமெண்டு வாங்கின உங்கட வீடு?"

அவன் ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு, "அதுக்குக் கொஞ்சம் டீப்பா ரிசர்ச் பண்ணணும் ஆன்ட்டி," என்று எழும்பினான். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்றாள் மனைவி என்னிடம்.

"முருங்கை இலை."

"பொய் சொல்லவும் உங்களுக்குச் சரியா ஆள் பிடிக்கத் தெரியாது."

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் யூட் வரும். சாமிப் படங்களைப் பழைய சாறியில் சுற்றிக்கொண்டிருந்தாள் மனைவி. அப்போதுதான் வாசல் மணி அடித்தது. தொப்பி போட்டு, மூக்கில் வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் பூசிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் ஒரு டேப்லெட். காணிப் பெறுமதி அலுவலகத்துக்காக மனுவைப் பார்க்க வந்திருக்கிறாராம்.

வீட்டில் என்னைவிட மனைவிக்குத்தான் இங்கிலிஷ் நன்றாக வரும். ஆனால் அதை அவள் படித்தது முதியோர் இல்லத்துக் கிழவிகளிடம். ஆகவே யாராக இருந்தாலும் டார்லிங்தான். பேங்க் மேனேஜர் டார்லிங், போலீஸ்காரன் டார்லிங். அந்த அம்மாவையும் "வா டார்லிங், வெயில்ல நிக்காதை" என்கிற மாதிரிக் கூட்டி வந்தாள். அந்த அம்மா இங்கிலிஷில் சொன்னதை நான் விளங்கிய அளவுக்கு இங்கே எழுதுகிறேன். விளங்காததற்கு அவர் பொறுப்பல்ல.

மூவரும் முன்வளவில் நின்றோம். அவர் டேப்லெட்டைத் தட்டினார். சிங்கத்தின் படம் வந்தது. விரலால் அதைப் பெரிதாக்கினார்.

"சிங்கத்தைப் பற்றி என்னால் ஒன்றும் செய்ய முடியாது," என்றார். "கழிவறை வீட்டைச் சேர்ந்தது, அதுவும் கணக்கில் இல்லை. ஆனால் இந்தத் தெரு விஷயம், அதில் ஒரு நியாயம் இருக்கிறது."

அவர் திரும்பி எதிர்த் தெருவைப் பார்த்தார்.

"எதிர்த் தெருவில் வருகிற கார்களின் ஹெட்லைட் நேராக வீட்டுக்குள் அடிக்கும், இல்லையா? சில பேருக்கு அது பிடிக்காது. பெறுமதியில் சிறிது குறைக்க இடம் இருக்கலாம்."

வேறொரு நாளென்றால் அந்த அம்மாவின் காலில் விழுந்திருப்பேன். இவ்வளவு கூத்தும் இந்த ஒரு வசனத்துக்காகத்தானே? ஆனால் பக்கத்தில் நின்ற மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

"கேட்டீங்களே? வெள்ளைக்காரியே சொல்லுறா. தெருக்குத்து தெருக்குத்துதான். நான் இப்பவே தம்பிக்குப் போன் பண்ணுறன், யூட்டை இண்டைக்கே கொண்டு வரச் சொல்லி."

அவள் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த போனை எடுத்தாள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி என் காணியில் குறை இருக்கிறது என்று எழுதப் போகிறாள். எழுதினால் வரி குறையும், வீடு போகும். எழுதாவிட்டால் வரி அப்படியே இருக்கும். வீடு இருக்குமோ தெரியாது, ஆனால் ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

"நோ ஹெட்லைட்," என்றேன்.

அந்த அம்மா நிமிர்ந்தார். "மன்னிக்கவும்?"

"ஹெட்லைட் வாறதில்லை. வந்தாலும் நல்லம். கரண்ட் மிச்சம். நாங்கள் லைட் போடுறதே இல்லை."

இதை இங்கிலிஷில் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கை, கால், கண், எல்லாவற்றாலும் சொன்னேன். அவர் டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆனால் நீங்கள்தானே இதை எழுதியிருக்கிறீர்கள்? இந்தக் காணியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று?"

"அது வேற ஆள் எழுதினது. அவருக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியும். காணி முதல் தரம். இந்தத் தெருவிலயே இதுதான் திறம்."

"பெறுமதி கூடிப்போய்விட்டது என்று மனுப் போட்டிருக்கிறீர்கள்."

"ஓம்."

"இப்போது பெறுமதி இன்னும் கூட என்கிறீர்களா?"

"ஓம், ஓம். வடிவாக் கூட்டுங்கோ."

மனைவி போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து என்னை அவள் பலவிதமாகப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று பார்த்தது அதுதான் முதல் முறை.

அந்த அம்மாவுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆளைச் சமாதானப்படுத்தலாம் என்று டேப்லெட்டில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். எங்கள் தெரு, அக்கம்பக்கத் தெருக்கள், ஒவ்வொரு காணிக்கு மேலும் அதன் பெறுமதி. இது ஒளிவுமறைவில்லை, யாரும் பார்க்கலாம் என்றார். தெருச் சந்திக்கு முன்னால் இருந்தாலும் உங்கள் காணி பெரிது, ஸ்டேஷனுக்குக் கிட்ட, அதனால்தான் சுற்றுவட்டாரத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது, குறைத்தாலும் பெரிதாகக் குறையாது என்று விளக்கினார்.

மனைவி கழுத்தை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினாள். விரலால் வரைபடத்தை மெல்ல இழுத்து அடுத்த தெருவுக்குப் போனாள். எந்த வீட்டைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன்.

"டார்லிங்," என்றாள் அந்த அம்மாவிடம், "இந்தச் சதுரக் காணி, இது எங்கட காணியை விடக் குறைவோ?"

"ஓரளவு குறைவுதான்."

"கிழக்கு வாசல்."

"அதை நாங்கள் பார்ப்பதில்லை."

"வாஸ்து முழுக்கப் பாத்து வாங்கினது டார்லிங். இஞ்ச வந்து நிண்டு எங்களைப் பாத்து ஆன்ட்டி பாவம், ஆன்ட்டி பாவம் எண்டு சொல்லுவான்."

அந்த அம்மாவுக்கு இதில் என்ன விளங்கியதோ தெரியாது. ஆனால் மூக்கில் சன்ஸ்கிரீனோடு ஒரு புன்னகை செய்து, "என்னிடம் காசிருந்தால் இரண்டில் நான் உங்களுடையதைத்தான் வாங்குவேன்," என்றார்.

போனில் மகனின் குரல் சின்னதாகக் கேட்டது: "ஹலோ? அம்மா? ஹலோ?" மனைவி அதை அணைத்தாள்.

"உள்ளுக்கு வா டார்லிங். ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருக்கிறன். நாளைக்கு ஆக்கள் வருவினம் எண்டு செய்தது, பரவாயில்லை."

அரசாங்க வேலையில் சாப்பாடு வாங்கக் கூடாது என்று அந்த அம்மா சொன்னார். மனைவி அதைக் கேட்கவில்லை. கடைசியில் அவர் ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் குடித்தார். போகும்போது என்னிடம், மனுவை வாபஸ் வாங்குகிறீர்களா, அல்லது நான் முடிவு எழுதட்டுமா என்று கேட்டார். எழுதட்டும் என்றேன். காணி நல்ல காணி என்று அரசாங்கத்தின் கையால் ஒரு கடதாசி வீட்டில் இருப்பது நல்லதுதானே?

சனிக்கிழமை மகன் யூட்டோடு வந்தான். ரோட்டில் நின்றே கேட்டான்.

"அப்பா, அம்மா சொல்லுறா நீங்கள் உங்கட ஒப்ஜெக்ஷனுக்கே ஒப்ஜெக்ட் பண்ணினீங்களாம். இஸ் தட் ஈவன் லீகல்?"

"கெட்டிக்காரன் எண்டால் சட்டம் பாக்க மாட்டான் தம்பி."

மனைவி யூட்டில் ஒரு கட்டு முருங்கை இலையும், முதல் நாள் மிஞ்சிய ரோல்ஸும் ஏற்றினாள். கிரானி பிளாட்டை வாடகைக்கு விடு, சும்மா கிடந்தால் கரப்பான் வரும் என்று புத்தியும் சொல்லி அனுப்பினாள். மத்தியானம் படுக்கை ஹோலிலிருந்து அறைக்குத் திரும்பியது. முழங்கால் நோவு போகவில்லை. ஆனால் அதற்கு இப்போது அவள் வேலை இடத்துச் சீமெந்துத் தரையைக் குற்றம் சொல்லத் தொடங்கியிருந்தாள். கக்கூஸ் எலுமிச்சங்காயில் நான் சர்பத் கேட்டேன். கிடைக்கவில்லை.

முடிவுக் கடிதமும் வந்தது. மறுப்பு ஏற்கப்படவில்லை, பெறுமதியில் மாற்றமில்லை. மனைவி அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். இந்த முறை அர்ச்சனைத் தட்டு என் கையில், அவள் கார் பார்க்கில். "கவர்மெண்டில இருந்து ஒரு ஆள் நேர வந்து பாத்துச் சொன்னது" என்று அவள் ஆரம்பிப்பது மண்டபம் வரைக்கும் கேட்டது. தமிழ்நாட்டுத் தம்பியும் அன்று வந்திருந்தான். ரிசர்ச் இன்னும் முடியவில்லை என்றான்.

அதற்கு அடுத்த தவணை வரி பிரிஜ்ஜின் கதவில் வந்து ஒட்டிக்கொண்டது. முந்தியதைவிடக் கூட. கட்டித் தொலைப்போம் என்று மேசையடியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கார்ட் நம்பரெல்லாம் அடித்து, கடைசிப் பொத்தானில் விரலை வைக்கப் போக, குசினியிலிருந்து ஒரு சத்தம்.

"இஞ்சாருங்கோ, இப்ப கட்டாதேங்கோ! இராகுகாலம்!"

"கவுன்சிலுக்கு என்ன இராகுகாலம்?"

"கவுன்சிலுக்கு இல்லையப்பா. காணிக்கு. அவ்வளவு நல்ல காணிக்கு இராகுகாலத்தில வரி கட்டுறதே? அரை மணித்தியாலம் பொறுங்கோ."

பொறுத்தேன். டேலைட் சேவிங் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியிருந்ததால் இராகுகாலம் முடிவது கடிகாரத்தின்படியா, சூரியனின்படியா என்று எங்களுக்குள் ஒரு தகராறு. அது முடிவதற்குள் போன் தானாகவே பூட்டிக்கொண்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, கார்ட்டில் இருக்கிற நம்பரை முதலில் இருந்து மறுபடியும் அடிக்கத் தொடங்கினேன்.